முதுசொமும் தேடியதேட்டமும்: சி. வை. தாமோதரம்பிள்ளை சரிதம்

யாழ்ப்பாணத்தாராகிய நாம் ஆதனங்களைப் பற்றிப் பேசுமிடத்து முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்று சொற்களை வழங்குவோம். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் எழுதிவைப்பித்த தேசவழமைச் சட்டமும் இம்மூன்றன்மேலேயே நிற்பது. தந்தை வழி வந்தது முதுசொம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். தன் முயற்சியால் ஈட்டியது தேடியதேட்டம். காணிக்கும் பனந்தோப்புக்கும் இப்பிரிவு எளிதாய்ப் பொருந்திவிடுகின்றது. சமயத்துக்கும் கல்விக்கும் மொழிக்கும் அவ்வாறு பொருந்துமோ என்பது யான் நெடுங்காலம் எண்ணிவந்த ஒன்று.

மேல்வகுப்பு மாணவருக்குக் கலித்தொகை கற்பிக்கும் நாட்களில், அதனை முதன்முதல் அச்சேற்றியவர் நம்மூரவர் என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். ஒருமுறை மாணவனொருவன் எழுந்து, அவர் சைவரோ வேதக்காரரோ என்று வினாவினான். ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதம் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது அவ்வினாவே நினைவுக்கு வந்தது. அன்று மணியடித்தமையாற் சொல்லாது விட்டதை ஈண்டு எழுதுகின்றேன்.

சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள், புத்தூரை அடுத்த சிறுப்பிட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவியார். பெயர்களைக் கேட்போர் பழுத்த சைவக்குடி என்றே எண்ணுவர். ஆயினும் அக்குடி அமெரிக்க மிசனைச் சார்ந்து கிறித்தவ சமயத்தைத் தழுவிய குடியாகும். மிசனை ஆதரித்த அமெரிக்க அன்பர்களின் பெயர்களை இங்குள்ள மாணவருக்கு இடுவது அக்காலத்து வழக்கு. கிங்ஸ்பரி என்னும் பெயர் இக்குடியில் வந்து சேர்ந்தமையும் அவ்வழக்கினாலேயாம். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அமெரிக்கப் பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினறி அக்காலத்துக் கீழைத்தேசக் கல்விச்சாலைகளுள் உயர்ந்ததொன்றாய் விளங்கிற்று. கணிதம், வானசாத்திரம், தருக்கம், ஆங்கிலம் என்பவற்றோடு தமிழும் வடமொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. உண்டியும் உறையுளும் கொடுத்துக் கற்பித்தமையால் வறிய குடிப்பிள்ளைகளும் அங்கே புகுந்தனர். தாமோதரம்பிள்ளை 1844ஆம் ஆண்டளவிற் சேர்ந்து எட்டு ஆண்டுகள் அங்கே பயின்றார்.

செமினறியிற் கற்றது ஒருபுறமாக, தமிழிலக்கண இலக்கியங்களை அவர் கேட்டது சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடத்து. அக்கவிராயர் பாதிரிமாரின் பிரசாரத்தைக் கண்டித்துப் பாடிய சைவர். கிறித்தவக் குடிப்பிள்ளை ஒருவன், தன் குடியின் சமயத்தைக் கண்டித்துப் பாடிய புலவரிடமே தமிழ் கற்றான். பெற்றோர் அதனைத் தடுத்தாரல்லர். தமிழைக் கற்கவேண்டின் கற்றவரிடத்தே செல்லவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமிருந்ததாகத் தெரியவில்லை. இச்சரிதத்தில் யான் மிக வியப்பது இதனையே.

செமினறியை விட்டு நீங்கிய பின் கோப்பாய்ப் போதனாவித்தியாசாலையில் ஆசிரியரானார். யானும் ஆசிரியப் பயிற்சி பெற்றவனாதலின் இதனைச் சிறிது பெருமையோடு குறிப்பிடுகின்றேன். இருபது வயதை அடுத்த அக்காலத்தே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். அதுவே அவருடைய முதற் பதிப்பு.

இந்நிலையில் அவரைச் சென்னைக்கு அழைத்தவர் பேர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பேர்சிவலார். சென்னையில் அவர் நடாத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்குப் பிள்ளையவர்கள் ஆசிரியரானார். அவ்வேளையிற் சென்னைச் சருவகலாசாலை தோன்றிற்று. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையில், 1857ஆம் ஆண்டில், தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியார். ஒருவர் அங்கே ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் மாணாக்கராயிருந்த தாமோதரம்பிள்ளை. இவ்விருவரும் பின்னாளிற் சைவராயினர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும். ஈன்ற செமினறியோ 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. தாம் பயிற்றிய மாணவர் பலர் ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகத்தை நாடினரேயன்றி, சமயப் பணிக்கு வருவார் சிலரேயாயினர் என்ற குறை மிசன் மேலதிகாரிகளுக்கு இருந்தது. அவர்கள் எண்ணிய பயன் வேறு. நமக்குக் கிடைத்த பயன் வேறு.

கள்ளிக்கோட்டையில் அரசாங்க ஆசிரியராகச் சிறிது காலமும், பின்னர்ச் சென்னையில் அரசாங்கக் கணக்குப் பரிசோதனைப் பகுதியில் நெடுங்காலமும் கடமை பார்த்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1871இற் பி. எல். பரீட்சையில் தேறினார். 1882இல் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் நியாயவாதியாய் அமர்ந்தார். பின்பு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்தார். 1895இல் அரசினர் இராவ்பகதூர் என்னும் பட்டம் வழங்கினர். உத்தியோக வரலாறு இவ்வளவே. இத்தகைய உயர்வு பெற்றோர் அக்காலத்தில் வேறு சிலரும் உளர்.

அவர் சைவரானமை எப்பொழுது, எக்காரணத்தால் என்று நுணுகி ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. 1867ஆம் ஆண்டளவில் அவர் உறுதியான சைவர். சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதி அச்சமயத்தின் சிறப்பை நாட்டினார். கிறித்தவரோடு வாதம் செய்யும் நூல் அது. அவ்வாதம் ஊராரோடு மட்டும் செய்த வாதமன்று. தம்மைப் பெற்று, ஊட்டி, செமினறிக்கு அனுப்பிய பெற்றோரின் சமயத்தோடும் செய்த வாதம். பெற்றோர் விட்டுச் சென்ற முதுசொத்தை ஒரு மகன் வேண்டாமென்று தள்ளினான் என்றே சிறுப்பிட்டியிற் சிலர் பேசியிருத்தல் கூடும். மகனோ, தம் பெற்றோரே அதற்கு முன்னிருந்த முதுசொத்தைத் தள்ளியவர் என்றும், தாம் அதனை மீட்டவர் என்றும் எண்ணியிருப்பார். ஒரே வீட்டில் இருவரும் தம்மைக் காப்பவர் என்று கருதுவதும், மற்றவரை இழப்பவர் என்று கருதுவதும் உலகில் புதிதன்று.

அடுத்த ஆண்டாகிய 1868இல், தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு அவர் பெயரால் வெளிவந்தது. நாவலரவர்கள் அதனைப் பார்வையிட்டு உதவினார்கள். நாவலர் இருந்த காலம் வரையும் பிள்ளையவர்கள் முன்னே வந்து நிற்கவில்லை. 1879இல் நாவலர் சிவபதமடைந்த பின்பு, இப்பணியை யாரேனும் மேற்கொள்வாரோ என்று பார்த்திருந்து, ஒருவரும் வாராமை கண்டு, ஐம்பது வயதை அணுகிய நிலையிலே தாமே அதில் இறங்கினார்.

அதன்பின் வந்த பதிப்புக்களை எண்ணிப் பாருங்கள். 1881இல் வீரசோழியம். 1883இல் தணிகைப் புராணமும் இறையனாரகப்பொருளும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887இற் கலித்தொகை. 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891, 1892ஆம் ஆண்டுகளில் தொல்காப்பியத்தின் எழுத்தும் சொல்லும் நச்சினார்க்கினியருரையோடு. நியாயத்தலத்தில் வழக்காடிப் பெற்ற பொருளையும், உறங்கவேண்டிய இரவுகளையும் இவற்றிலே செலவிட்டார். நூல் வாங்குவோர் சிலர். உதவுவதாகச் சொல்லி மறந்தோர் பலர்.

இக்காலத்து மாணவர் அச்சுப்புத்தகத்தையும், அதனினும் எளிதாகக் கைத்தொலைபேசித் திரையையும் திறந்து செய்யுளைக் கண்டுகொள்வர். ஏட்டுச்சுவடியைக் கண்ணாற் கண்டவர் சிலரே. ஆகையாற் சுவடியிலிருந்து நூலொன்றை மீட்பது எத்தகைய வேலை என்பதைச் சிறிது விரித்தல் வேண்டும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்பட்டிராது. ரகரமும் காலும் ஒரே வடிவின. செய்யுளும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றி ஒன்றாய் ஓடும். எது ஆசிரியர் வாக்கு, எது உரைகாரர் வாக்கு என்பதைப் படிப்பவரே பிரித்தறிதல் வேண்டும். பழஞ்சுவடியின் கட்டை அவிழ்த்தால் ஓலையின் ஓரங்கள் உதிரும். பூச்சி அரித்த துளை சில எழுத்துக்களைக் கொண்டுபோயிருக்கும். இடையிற் சில ஏடுகள் இல்லாதிருக்கும். இருப்பவும் முறை மாறிக் கிடக்கும். ஒரு பிரதியிற் காணாததை வேறொரு பிரதியிற் காணலாமென்று ஊரூராய்த் தேடினால், அப்பிரதியும் முதற் பிரதியைப் பார்த்து எழுதியதாய் அதே பிழைகளைத் தாங்கி நிற்கும். ஒரு சுவடிக்கு ஆயுள் ஒரு சில நூற்றாண்டுகளே. பழுதாகுமுன் பெயர்த்தெழுத ஆளில்லையேல் நூல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறு பெயர்த்தெழுதுவோர் அருகி வந்தனர். அச்சோ சில நூல்களை மட்டுமே கைக்கொண்டிருந்தது. அவ்விடைக்காலத்திலே எத்தனை நூல்கள் மறைந்தன என்பதை யாரறிவார்?

பொருளதிகாரம் அக்காலத்துப் புலவர் பலர் பெயராற் கேட்டும் கண்ணாற் காணாத பகுதி. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் கிடைத்த பிரதிகளைத் திரட்டி அதனை வெளியிட்டார். அவ்வுரை முழுவதையும் நச்சினார்க்கினியர் செய்ததாகவே கொண்டு பதிப்பித்தார். பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியர் செய்தது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டது. பெரியாரின் சரிதத்தில் இப்பிழையை மறைக்கவேண்டும் என்று யான் கருதவில்லை. அவர் அச்சிட்டுத் தந்தமையாலன்றோ பின்வந்தோர் அதனைக் கண்டனர்!

எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் முழுமையாக அச்சேறியது அவருடைய கலித்தொகை. அதே 1887இற் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க எண்ணிப் பிள்ளையவர்கள் ஐயரிடம் பிரதியை விரும்பியதும், ஐயர் அதனைத் தாமே பதிப்பிக்கத் துணிந்தமையாற் கொடாது நின்றதும் ஐயரின் சுயசரிதத்தை வாசித்தோர் அறிந்தவை. இதனைப் பெரும் பகையாக்கிப் பேசுவோர் உளர். ஆயினும் ஓரூரில் வாழ்ந்த இருவரும் ஒரே செல்வத்தைத் தேடினர் என்பதன்றி அதில் வேறொன்றும் யான் காணவில்லை.

இனி, அப்பதிப்புக்களின் பட்டியலை மீண்டும் நோக்குக. வீரசோழியம் புத்தமித்திரனார் செய்த பௌத்த இலக்கணம். சூளாமணி தோலாமொழித்தேவர் செய்த சைன காவியம். தணிகைப் புராணம் முருகன் பெருமை பேசும் சைவ நூல். சைவ மகத்துவம் எழுதிய கையே இம்மூன்றையும் பிழை திருத்தியது. சமண நூல்களைக் கற்றல் வீண் என்று ஒதுக்கிய சைவப் புலவர் அக்காலத்திற் பலரிருந்தனர். சிவனை மறுத்தவர் எழுதிய நூல் நமக்கு எவ்வாறு முதுசொம் ஆகும் என்று அவர்கள் கேட்டிருப்பர். பிள்ளையவர்கள் தம் முன்னுரைகளிலே தமிழ் வரலாற்றைக் காலம் காலமாய் வகுத்தபோது, சமணர் காலத்துக்கும் ஆதீனங்களின் காலத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்தார். சமய வாதத்தில் அவர் விட்டுக்கொடுத்தவரல்லர். ஆனால் ஏட்டைக் கையிலெடுத்தால் அதை எழுதியவன் எதனை வழிபட்டான் என்று பாராது எழுத்தைப் பார்த்தார். இது அவருக்குச் செமினறிக் கல்வி தந்த பழக்கமோ, கவிராயரிடம் கற்ற பழக்கமோ, சட்டம் படித்ததனால் வந்ததோ அறியேன். மூன்றும் கூடியதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

பிறந்த நாட்டையும் அவர் மறந்தாரல்லர். ஏழாலையிற் பாடசாலையொன்று நிறுவினார். சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் அங்கே ஆசிரியராயிருந்து மாணவரைப் பயிற்றினார். மிசன் பாடசாலையிற் படித்து உயர்ந்தவர், சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே படிக்கவேண்டும் என்று கருதிப் பொருள் கொடுத்தார் என்பது நம் போன்ற இந்துக் கல்லூரிகளிற் பயின்றோர் அறிந்துவைக்கத் தக்கது.

இங்கே சிறிது விலகி ஒன்று சொல்வேன். 1981ஆம் ஆண்டு மே மாத முடிவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரே பிரதியாய் இருந்த சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அவை போயின, போனவையே. அச்சேறிய நூல்களின் மறுபிரதிகள் சென்னையிலும் இலண்டனிலும், இந்நாட்டு வீடுகளிலும் இருந்தன. சுவடி அழியுமுன் அச்சிடவேண்டும் என்று சிறுப்பிட்டியார் பதைத்த பதைப்பு எத்தகையது என்பதை யான் உள்ளவாறு உணர்ந்தது அந்நூலகத்தை நினைக்கும்போதேயாம்.

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாம் நாள் சென்னைப் புரசைவாக்கத்தில் உலக வாழ்வை நீத்தார். ஓரேட்டை விரும்பிக் கேட்டும் பெறாத பிள்ளையவர்களுக்கு, அதனைக் கொடாத சாமிநாதையர் இரங்கற்செய்யுள் பாடினார்.

சரிதம் அவரோடு முடிவதன்று. அவருடைய மைந்தருள் ஒருவர் அழகசுந்தரம் என்பார். தந்தையாரிடமிருந்து தமிழ்ப் புலமையை முழுதும் பெற்ற அவர், தந்தையார் மீட்டெடுத்த சமயத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. கிறித்தவராகிக் குருப்பட்டமும் பெற்றார். அப்பொழுது அவர் பூண்ட பெயர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி. தந்தையார் விட்டொழித்த குடிப்பெயரை மைந்தர் எடுத்து அணிந்துகொண்டார். தாம் பெற்றோருக்குச் செய்ததை மைந்தர் தமக்குச் செய்தார் என்று கூறிச் சிலர் நகைப்பர். யான் நகையேன். தம் மனத்துக்கு உண்மையெனப்பட்ட வழியிற் செல்லும் உரிமையைத் தந்தையார் தமக்கென எடுத்துக்கொண்டவர். அதனை மைந்தருக்கு மறுப்பதற்கு அவரிடம் நியாயமில்லை. ஆயினும் நியாயமின்மை வேறு, வருத்தமின்மை வேறு என்பதைப் பிள்ளை பெற்றோர் அறிவர்.

கிங்ஸ்பரியார் பெங்களூரிற் கிறித்தவ குருமாரைப் பயிற்றும் இறையியற் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கிருந்த பிலிப்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு கூடி, 1921ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்னும் நால்வரின் திருப்பாட்டுக்களிற் சிலவற்றைத் தெரிந்தெடுத்துத் தமிழ் மூலத்தோடு ஆங்கிலச் செய்யுளாக்கித் தந்த நூல் அது. தமிழறியாத அயல்நாட்டார் பலர் தேவார திருவாசகங்களின் சுவையை முதலில் அறிந்தது அதன் வாயிலாக. சைவ மகத்துவம் எழுதியவரின் மைந்தர், கிறித்தவ குருவாயிருந்துகொண்டு, சைவரின் திருமுறையைப் பிறநாட்டார்க்கு எடுத்துச் சென்றார். சைவர் சிலருக்கு இது பொருந்தாச் செயலாய்ப் பட்டது இயல்பே. வேதக்காரர் கையில் தேவாரம் எதற்கு என்று கேட்கலாம். கிறித்தவர் சிலருக்கும் ஐயமெழுந்திருக்கும். பின்னர் ஏசுநாதரின் வரலாற்றை அவர் தமிழில் எழுதியபோது, அதிற் கொண்ட கருத்துக்கள் திருச்சபையாரிடையே பெருங் கண்டனத்தை எழுப்பின. ஆக, தாம் சேர்ந்த சமயத்தையும் அவர் பிறர் தந்தபடியே ஏற்றவரல்லர். இவ்வகையில் அவர் தந்தைக்கேற்ற மைந்தரே.

மாணவனின் வினாவுக்கு இனி விடை கூறலாம். கலித்தொகையை அச்சிட்டபோது அவர் சைவர். பிறந்தபோது வேதக்காரர் வீட்டுப் பிள்ளை. அவருக்குப் பின் அவர் வீட்டில் மீண்டும் வேதக்காரர் ஒருவர். மூன்று தலைமுறையாரும் சமயத்தில் ஒருவர் சென்ற வழியை மற்றவர் ஏற்கவில்லை. தமிழை மட்டும் ஒருவரும் தள்ளவில்லை. தேசவழமையின் சொற்களாற் சொல்வதானால், தமிழ் அவர்களுக்கு முதுசொமாகவும் இருந்தது. ஒவ்வொருவரும் மீண்டும் பாடுபட்டுத் தேடவேண்டிய தேட்டமாகவும் இருந்தது. பழைய சட்டத்தில் ஒரே காணி அவ்வாறு இரண்டாகவும் இருத்தல் இயலாது என்று நியாயவாதிகள் கூறுவர். பிள்ளையவர்களும் நியாயவாதியே, அவர் என்ன கூறுவாரோ?

கிங்ஸ்பரியார் பிற்காலத்தில் இந்நாட்டுக்கு மீண்டு, கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளராய் அமர்ந்து, சைவரும் கிறித்தவருமாகிய மாணவருக்குத் தமிழ் கற்பித்தார்.